ஃபஹ்மியாவின் யன்னல்

“அந்த யன்னல்ல கை வெச்சா நாளைக்கே ஒண்ட சாமானெல்லாம் தெருவுலதான், சொல்லிட்டன்!”

“வாடக தந்துதான இரிக்கிறன் ராத்தா? புழுங்கிப் புழுங்கி எப்பிடி வேல செய்யிற?”

வீட்டுக்காரி றைஸாவின் குரல் பள்ளிச் சந்திவரை போயிற்று. நிஃப்லாவின் குரல் அதையும் தாண்டிக் களப்புக்கரைக்கே போயிற்று. பின்னேரத்து அஸர் பாங்குக்கு முன்பே ஒழுங்கை முழுவதும் சங்கதி பரவிவிட்டது: புருஷனிடம் தலாக் வாங்கி வந்தவள் ஒற்றை அறையில் ஒஃபிஸ் போடுகிறாளாம். கொரோனா முடிந்த வருஷம் அது, யார்தான் போடவில்லை? கொழும்புக் கம்பனியொன்று அவளை இரண்டு கிழமை சோதித்துப் பார்க்கும். வேலை நிலைத்தால் மகளைத் திருப்பித் தருவதாக மாமியார் வீட்டார் வாக்குக் கொடுத்திருந்தார்கள். போனால், மகளும் போனாள்.

யன்னலை அறைந்து வைத்திருந்த ஆறு ஆணிகளையும் நிஃப்லா பிடுங்கினாள். உள்ளே தொங்கிய வெள்ளைத் துணியைக் கழற்றினாள். மேசை யன்னலோரம்; கதிரையில் முதுகுக்குத் தலையணை; திரை கண்மட்டத்துக்கு வர இரண்டு செங்கல்; கால் தடுக்காமல் வயர்களைச் சுவரோடு ஒட்டினாள். களப்பின் உப்புக்காற்று வந்தது. அதோடு, எண்ணெய் காணாத தலைமயிரின் வாடையும் வந்தது. காற்று வெளியிலிருந்து. வாடை மட்டும் உள்ளேயிருந்து.

மறுநாள் பகல், மேலாளர் வின்சன்ட் திரையில் வந்தார்.

“கமராவ ஏன் மூடி வெச்சிருக்கிறீங்க, நிஃப்லா?”

அவள் மூடவில்லை. கமராவின்மேல் விரலகலத்தில் வெள்ளைத் துணிக் கீலமொன்று, ஈரமாக.

அடுத்த நாள் தேத்தண்ணி எடுத்துத் திரும்புவதற்குள் கணினி சுவரைப் பார்த்திருந்தது. அதற்கடுத்த நாள் வின்சன்ட் பேசப் பேச, வெட்கப்பட்டு ஒருத்தி சாத்துவதுபோல, யன்னல் மெல்லச் சாத்திக்கொண்டது. கழன்ற வயரை ஒட்டக் குனிந்தவள் மேசைக்கடியில், சுவரில், பென்சில் கோடுகளைக் கண்டாள். எண்ணினாள். தொண்ணூற்றொன்று.

பக்கத்து வீட்டில் எத்தனை முட்டை வாங்கினார்கள் என்பதுவரை சொல்லும் றைஸா, இதைக் கேட்டதும் வாசல் கதவைச் சாத்தினாள்.

“ஃபஹ்மியாட கணக்கு அது,” என்றாள் தணிந்த குரலில். “முந்தி வாடகைக்கி இரிந்த புள்ள. மாப்புள கடல்ல மௌத்து. இந்த அறையிலதான் இத்தா இரிந்தா. மாப்புள போனா நாலு மாசம் பத்து நாள் உள்ளுக்கே இரிக்கணும். அந்நிய ஆம்புளட கொரலும் கேக்கப்படாதுண்டு நான்தான் யன்னலுக்கு ஆணி அடிச்ச. பொறகு காய்ச்சல் வந்திச்சி. டொக்டர் ஆம்புள...”

மார்க்கம் டொக்டரைத் தடுக்கவில்லை. றைஸாதான் தடுத்தாள். தொண்ணூற்றோராம் நாள் ஃபஹ்மியா இறந்துபோனாள்.

மறுநாள் கோடுகள் தொண்ணூற்றிரண்டு.

வேறு அறை பார்க்க நிஃப்லாவிடம் காசுமில்லை, நாளுமில்லை. சோதனையின் கடைசி நாள், கோடுகள் தொண்ணூற்றொன்பது. ஆண்குரல் அறையில் விழாவிட்டால் சரி என்று நினைத்தாள். வெள்ளைத் துணியைத் தன் கையாலேயே யன்னலில் மாட்டினாள். காதுக்குள் இயர்ஃபோனைச் செருகினாள்.

“இண்டைக்கி மட்டுந்தான்,” என்றாள் வெற்று அறையிடம். “எண்ட புள்ளைக்காக.”

வின்சன்ட்டின் குரல் காதுக்குள் மட்டும். ஐந்து நிமிடம். பத்து. அறை அசையவில்லை.

பிறகு வாடை. கழுத்தருகே. சூடு. காய்ச்சல் சூடு.

இரண்டு உள்ளங்கைகள் அவள் காதுகளைப் பொத்தின. மெதுவாக.

“நிஃப்லா, துணிய எடுங்க. முகம் தெரியல்ல,” என்றார் வின்சன்ட்.

திரையின் மூலையில் அவளுடைய சதுரம். அவள் கதிரை. அவள் தோள்கள். தலையிலிருந்து நெஞ்சுவரை வெள்ளைத் துணி.

முகத்தைத் தடவினாள். வெறும் தோல்.

வேலை போயிற்று. றைஸா வீட்டைப் பூட்டிக்கொண்டு மதுரங்குளிக்குத் தன் மகளிடம் போய்விட்டாள். கேட்டால் முழங்கால் வலியாம். நிஃப்லாவைக் கனமூலை ஊரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஹயாத்து முகம்மது கலியாணம் முடித்துக்கொண்டார். நல்ல மனிதர். சீதனம் கேட்கவில்லை. அவளை நிமிர்ந்து பார்ப்பதுமில்லை.

பெருநாளன்று, ஒரே ஒரு நாளைக்கென்று, மகளை ஓட்டோவில் கூட்டி வந்தார்கள். நிஃப்லா கேற்றுக்கு ஓடினாள். பிள்ளை ஓட்டோக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“உம்மா எங்க?”

“இந்தா நிக்கிறன், செல்லம்!”

“அப்ப மொகத்துல உள்ள துணிய எடுங்க.”

நிஃப்லா இரண்டு கையாலும் முகத்தைத் தடவினாள். தடவித் தடவி, பிறகு நகத்தால், இல்லாத துணியின் ஓரத்தைத் தேடிக் கீறிக் கீறி, கேற்றடியிலேயே நின்றாள்.