அவள் கைக்கு ஏற்ற கைப்பிடி

“இந்தாங்க சாவி. வெளிய வண்டி நிக்குது. போன மாசம் நீங்க மாட்டிவிட்ட கிரிப்பை நீங்களே கழட்டுங்க!”

கண்ணாடி மேஜைமேல் சாவி டங்கென்று விழுந்தது. ஹெல்மெட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரன் திரும்பினான். திரும்பியவன்... அப்படியே நின்றுவிட்டான்.

மழைக்கோட்டின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நெற்றியில் ஒட்டிக்கொண்ட ஈர முடி. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... கோபமாகத்தான் இருந்தன. ஆனால் கோபத்துக்கு எதற்கு இவ்வளவு அழகு?

“என்ன மேடம் குறை? கடையிலேயே அதுதான் ஒசத்தி. எல்லாரும் அதைத்தான் கேட்டு வாங்கறாங்க...”

“எல்லாருக்கும் என் கையா இருக்கு?”

கல்லாவில் உட்கார்ந்திருந்த அவனுடைய அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். அவனுக்குக் காது சூடானது. பத்து வருஷமாக இந்த மேஜைக்குப் பின்னால் நிற்கிறான். கிரிப் விஷயத்தில் அவன் வாயை ஒருத்தரும் அடைத்ததில்லை.

“புசுபுசுன்னு இருக்கே, கைக்கு மெத்தை மாதிரி இருக்கும்னு நானும் நம்பிட்டேன். ஒரு மணி நேரம் ஓட்டினா விரலெல்லாம் மரக்கட்டை! நான் வீடு வீடாப் போய் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்கறவ. விரல் மரத்துப்போனா நரம்பு எங்க இருக்குன்னு எப்படித் தடவிப் பாக்கறது? நேத்து ஒரு அம்மாவை மூணு தடவை குத்தினேன்... மூணு தடவை! அவங்க ஒண்ணுமே சொல்லலை. எனக்குத்தான்...”

குரல் சட்டென்று உடைந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைப் பார்த்தாள்.

அவன் பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு மேஜையருகே வந்தான்.

“கையைக் கொஞ்சம் காட்டறீங்களா?”

“எதுக்கு? ஜோசியம் பாக்கவா?”

“அளவு பாக்க...”

மேஜைக்கு அடியிலிருந்து ஹேண்டில்பார் துண்டு ஒன்றை எடுத்து, அவளுக்கு விற்ற அதே ரகக் கிரிப்பை அதில் செருகி நீட்டினான். அவள் பிடித்தாள். அவன் தொடவில்லை. குனிந்து பார்க்க மட்டும் செய்தான். மெலிந்த, நீளமில்லாத விரல்கள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள்.

“பாருங்க, உங்க விரல் நுனி உள்ளங்கைக்கு வந்து சேரவேயில்ல. கிரிப் அவ்வளவு தடிமன். நழுவிடுமோன்னு நீங்க நாள் பூரா இறுக்கிப் பிடிக்கறீங்க. அந்த இறுக்கத்துலதான் மரத்துப்போகுது.” நிமிர்ந்தான். “தப்பு என்னோடதுதாங்க. கையைப் பாக்காமலேயே வித்துட்டேன்.”

அவள் சண்டைக்கு இன்னும் நாலைந்து வாக்கியம் தயாராக வைத்திருந்தாள் போலிருக்கிறது. அவையெல்லாம் வீணாய்ப் போன ஏமாற்றத்தோடு அவனையே பார்த்தாள்.

ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினான். ஒன்று வழுக்கியது. ஒன்று கல் மாதிரி இருந்தது. ஒன்றின் புள்ளிகள் உள்ளங்கையை உறுத்தின. “கண்ணை மூடிக்கிட்டுப் பிடிங்க. கண்ணுக்கு அழகா இருக்கறது கைக்குப் பொய் சொல்லும்” என்றான். மூடினாள். இமை ஓரத்தில் ஒரு மழைத்துளி இன்னும் காயாமல் இருந்தது. ஐந்தாவதாக மாட்டியது ஒல்லியானது, மெத்தென்ற ரப்பர், மேலே மெல்லிய வரிகள். அதைப் பிடித்ததும் அவள் தோள் தானாகத் தளர்ந்தது.

“பிடிச்சிருக்கா?”

“எ... எது?”

“கிரிப்புங்க.”

“ம்... பிடிச்சிருக்கு.”

கல்லாவில் அக்காவுக்குக் காரணமே இல்லாமல் இருமல் வந்தது.

பழைய கிரிப்பைப் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தான். கம்பியைத் துடைத்துப் பசை தடவிப் புதியதை ஏற்றினான். ஆக்ஸிலேட்டரைத் திருகிக் கையை எடுத்தால் அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பத்துத் தடவை பார்த்தான். கிளட்ச் லிவரை, அவள் மணிக்கட்டு மடங்காதபடி கொஞ்சம் கீழே சாய்த்தான். அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பசை காய சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் வண்டியை எடுக்கக் கூடாது. கிரிப் கையோட சுத்திக்கிச்சுன்னா ஆபத்து.”

“ஐயையோ! இன்னும் நாலு வீடு இருக்கே... வெறும் வயித்தோட காத்துக்கிட்டிருப்பாங்க!”

“டேய்,” என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமலே. “உன் வண்டி சும்மாதானே நிக்குது?”

மழை தூறலாகியிருந்தது. அவன் ஓட்டினான். பின்னால் அவள், மடியில் ரத்தக் குப்பிகள் வைக்கும் நீலப் பெட்டி. இருவருக்கும் நடுவில் அந்தப் பெட்டி மட்டும்தான். ஆனாலும் அவனுக்கு முதுகெல்லாம் கூச்சமாக இருந்தது...

“பள்ளத்துல மெதுவா! குப்பி குலுங்கினா ரத்தம் கெட்டுடும்.”

“சரிங்க மேடம்.”

“ரொம்ப மெதுவா போகாதீங்க. நேரமாகுது.”

“சரிங்க மேடம்.”

“எல்லாத்துக்கும் சரிதானா?”

“சரி... இல்ல... ஆமாங்க.” முதுகுக்குப் பின்னால் முதல் தடவையாக அவள் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாற்பது வீடு போகலாம் என்றிருந்தது அவனுக்கு.

மூன்றாவது வீட்டில் ஒரு தையல்காரம்மா. நேற்று மூன்று தடவை குத்துப்பட்டது அவர்தான். ரத்தம் போதவில்லையாம், இன்றைக்கும் எடுக்க வேண்டும். நீண்ட நாள் வைத்தியம். ஊசி பட்டுப் பட்டு நரம்பெல்லாம் உள்ளே ஒளிந்துகொண்ட கை. அவள் மழைக்கோட்டை அவனிடம் கொடுத்துவிட்டுக் கைகளைக் கழுவினாள், சூடு வரும்வரை தேய்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கையைத் தொட்டாள். கண்ணை மூடிக்கொண்டு முழங்கை மடிப்பில் விரலை வைத்து மெல்ல மெல்ல நகர்த்தினாள். வாய் மட்டும், அந்த அம்மா பாதி தைத்து வைத்திருந்த சட்டையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தது. விரல் ஓரிடத்தில் நின்றது.

ஒரே ஒரு குத்து.

“குத்தியாச்சா?” என்றார் தையல்காரம்மா.

“எடுத்தே முடிச்சாச்சும்மா. காலர் வைக்கறதைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தீங்களே, அதைச் சொல்லுங்க.”

கதவோரம் ஈரக் கோட்டைப் பிடித்தபடி நின்றவனுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு பெரிய காரியத்தை இவ்வளவு சத்தமில்லாமல் செய்ய முடியுமா ஒருத்தியால்?

அதற்குப் பிறகு மூன்று வாரத்தில் அவள் நாலு தடவை கடைக்கு வந்தாள். “லிவர் லூசா இருக்கு.” பார்த்தால் இருக்காது. “கண்ணாடி ஆடுது.” ஆடாது. இல்லாத குறையை அவன் ரொம்ப நேரம் சரிசெய்வான்...

வினை அவன் நாக்கிலேயே இருந்தது.

ஒரு நாள் அவளுடைய அண்ணன் கடைக்கு வந்தார். படங்களுக்குச் சட்டம் போடும் தொழில். வண்டிக்கு சீட் உறை வாங்க வந்தவர், பேச்சுவாக்கில் தங்கையைப் பற்றிச் சொல்ல, இவனுக்கு வாய் தாங்கவில்லை.

“அவங்க உங்க தங்கச்சியா! அவங்களை மாதிரி ஒருத்தரை நான் பாத்ததேயில்லைங்க. விரல் மரத்துப்போயி, ஊசியே பிடிக்க முடியாத நாள்லகூட ஒரு வீட்டையும் விடலை!”

அண்ணன் முகம் மாறிவிட்டது. “மரத்துப்போச்சா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே...”

மறுநாள் அவள் நடந்து வந்தாள், குடை பிடித்துக்கொண்டு. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

“வண்டிச் சாவி அண்ணன்கிட்ட இருக்கு. அப்பா போனதுலேர்ந்து அவர்தான் எனக்கு எல்லாம். கை மரத்துப்போயி வண்டியோட விழுந்துடுவேனோன்னு பயம் அவருக்கு. இனிமே லேப்புக்குள்ள உக்காந்து வேலை பாக்கணுமாம். அப்ப அந்தத் தையல்காரம்மா? ரெண்டு பஸ் மாறி வந்து வரிசையில நிப்பாங்களா?”

“நான் உங்களைப் புகழ்ந்துதான்...”

“புகழ வேண்டாம். என்னைப் பத்திப் பேசவே வேண்டாம்.”

குடை தெருமுனையில் திரும்பி மறைந்தது.

இரண்டு நாள் அவனுக்குக் கடையில் கை ஓடவில்லை. முன்பின் தெரியாத வீட்டில் போய்க் கெஞ்சுவதா? என்ன உரிமையில்? “உரிமையெல்லாம் அப்புறம் யோசி. உடைச்சது நீ. போய் ஒட்டு” என்றாள் அக்கா. மூன்றாம் நாள் கிளம்பினான்.

சட்டக்கடைக்கு மேல் மாடியில் வீடு. கீழே அண்ணன் மரச்சட்டத்துக்குக் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அவங்க கையில ஒரு கோளாறும் இல்ல. நான் வித்த கிரிப்லதான் கோளாறு. மாத்திட்டேன். இப்ப மரத்துப்போறதில்ல. என்னை நம்ப வேண்டாம். நீங்களே ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க.”

அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சாவியை எடுத்தார், போனார். அரை மணி கழித்து வந்தார்.

“என் கைக்கு ரொம்பச் சின்னதா இருக்குப்பா. பிடிக்கவே வரலை.”

“ஆமாண்ணே. அது அவங்க கைக்குப் போட்டது.”

அண்ணன் தன் கையை விரித்து, மடக்கி, பார்த்துக்கொண்டிருந்தார்.

“லிவரைக்கூட அவ மணிக்கட்டுக்கு ஏத்த மாதிரி சாய்ச்சு வச்சிருக்கே. ஒரு கிரிப்புக்காக வீடு தேடி வந்து பேசற கடைக்காரனை நான் பாத்ததில்ல. உண்மையைச் சொல்லு. எதுக்கு இவ்வளவு மெனக்கெடறே?”

அவன் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தான், தன் செருப்பைப் பார்த்தான். தப்பிக்க வழியில்லை.

“அவங்க வேலை செய்யறதைப் பாத்தேண்ணே. அதுக்கப்புறம் எதைப் பாத்தாலும் சின்னதாத் தெரியுது... எனக்கு அவங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. வாழ்நாள் பூரா பக்கத்துல இருந்து பாக்கணும்போல இருக்கு.”

“இதை எதுக்கு என்கிட்ட சொல்றே? நானா உன்னைக் கட்டிக்கப்போறேன்?” அண்ணன் அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தார். “அதோ, உனக்குப் பின்னாடி படிக்கட்டுல நிக்கறா. அவகிட்ட சொல்லு.”

அவன் திரும்பினான்.

வண்டிச் சத்தம் கேட்டு இறங்கி வந்திருக்கிறாள். எத்தனை நேரமாக நிற்கிறாளோ... கண்ணில் கோபம் இருக்கிறதா என்று தேடினான். என்னவோ இருந்தது. அது கோபம் இல்லை.

“காலைல அஞ்சரைக்கே நான் கிளம்பிடுவேன்,” என்றாள் அவள், எங்கேயோ பார்த்தபடி. “மழையோ, வெயிலோ.”

“தெரியும்...”

“என் வண்டியை நான்தான் ஓட்டுவேன்.”

“சரிங்க...”

“கோபம் நிறைய வரும்.”

“அதுவும் தெரியும்.”

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். மேஜைமேல் இருந்த சாவியைத் தங்கை பக்கம் நகர்த்திவிட்டு, அவசரமில்லாத ஒரு கண்ணாடியை அவசரமாக அறுக்க ஆரம்பித்தார்.

கண்ணாடியின் கிரீச்சொலிக்குள் புதைந்துபோகிற மாதிரி, ரொம்ப மெல்லிய குரலில், அவள் சொன்னாள்.

“அப்ப சரி... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு.”