உலகத்தின் ஒரே கொம்பையா

காலையில் குழாயிடம் "கொம்பையா" என்றேன். தண்ணீர் வந்தது. பல் விளக்கிவிட்டுத் திரும்பினால் மாப்பிள்ளை காபியோடு நிற்கிறார்.

"மாமா, உடம்பு எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு மாப்பிள்ளை."

அவர் முகம் லேசாக வாடியது. அவர் மேல் தப்பில்லை. எங்கள் மிதவூர் தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலில் மிதக்கிறது என்றாலும், சட்டம் உலகம் முழுக்க ஒன்றுதான். ஆளின் பெயரே அவருடைய பயனர்பெயர், அதாவது யூசர்நேம். ஒரு பெயருக்கு ஒரே ஆள். அவர் செத்தால்தான் அது அடுத்தவருக்கு. குழாய், கதவு, ரேஷன் எதுவும் பெயர் சொல்லாமல் திறக்காது. அதனால் நல்ல பெயர்க்காரர்களை ஊரே நலம் விசாரிக்கும். என் மகள் பிறந்த அன்று எங்கேயோ ஒரு பேச்சி தயவு பண்ணிப் போய்ச் சேர்ந்தாள், இவள் பேச்சியானாள். மாப்பிள்ளைக்கு அந்த யோகமில்லை. அவர் பெயர் குடைக்கம்பி. தம்பி நாலேமுக்கால். நல்ல குடும்பம்.

பேச்சிக்கு மகன் பிறந்து அன்று பத்தாம் நாள். மாலை ஐந்துக்குள் பதியாவிட்டால் இயந்திரமே பெயர் வைத்துவிடும். பேரனுக்குத் தாத்தன் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். என் பெயரைக் காலி செய்ய ஒரு வழி இருந்தது. எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை.

நாலரை மணிக்குப் பதிவகம் போனோம். வாசல் திரையில் மிச்சமிருந்த பெயர்கள் வந்தன: வடிதட்டு, பின்சீட்டு. பேச்சி அழுதுவிட்டாள். "பின்சீட்டுன்னு கூப்பிட்டு எப்படிப்பா பால் கொடுப்பேன்?"

"அழாதீங்கக்கா," என்றாள் பதிவாளர் நாச்சியார். "அந்தத் திரை பழசு. மூணு வருஷமா மேலிடத்துக்கு எழுதி, உத்தரவு வந்து, இன்னைக்கு மத்தியானம்தான் படிவத்தை மாத்தினேன். இனிமே ஆளுக்கு அடையாளம் மின்னஞ்சல் முகவரி. கதவும் குழாயும் அதைத்தான் கேட்கும். பெயர் எத்தனை பேருக்கு வேணும்னாலும் இருக்கலாம்."

"அப்போ எங்க மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"அவர் பாட்டுக்கு இருக்கட்டுமே."

எழுபத்தெட்டு வயதில் என்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நாச்சியார் குழந்தைக்கு முகவரி உண்டாக்கினாள். உடனே அவனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: உறுதிசெய்ய, உரியவர் விரலால் தொடவும். உரியவர் இரண்டு கையையும் மூடிக்கொண்டு தூங்கினார். மணி நாலு ஐம்பத்தைந்து. மாப்பிள்ளை கெஞ்சினார், பாடினார். பிடி தளரவில்லை. நான் புறங்கையை மெல்லத் தடவினேன். ஒரு விரல் நீண்டது. பேச்சி அதைத் திரையில் வைத்தாள். இரண்டு நிமிடம் பாக்கி.

"வணக்கம், கொம்பையா" என்றது இயந்திரம். அவன் ஏப்பம் விட்டான்.

நாச்சியாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "தாயி, நான் இருக்கும்போதே என் பேரைப் பேரனுக்கு வைக்கவச்சிட்டியே. நல்லா இருப்பே."

மறுநாள் உள்ளறையிலிருந்து பேச்சி கூப்பிட்டாள். "கொம்பையா! ஏ கொம்பையா!" பெற்ற அப்பனைப் பேர் சொல்லியா கூப்பிடுகிறாள் என்று எழுந்து போனேன். பூமியில் எங்கே அந்தச் சத்தம் கேட்டாலும் அது எனக்குத்தானே? தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "உங்களை இல்லப்பா."

இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.