பதினோரு நொடி

ஆயுத பூஜையன்று மாலை ஐந்தேகால் மணிக்கு, தொழிற்பேட்டை மொத்தமும் வாயை மூடிக்கொண்டு கிடந்த நேரத்தில், சுகிர்தாவின் திரையில் ஓர் எண் மாறியது. 'இப்போது தளத்தில் இருப்பவர்கள்: 0' என்று மத்தியானத்திலிருந்து இருந்தது, 1 ஆனது.

பெரிய விஷயம் ஒன்றும் இல்லைதான். ஆனால் அது ஊருக்கெல்லாம் திறந்து வைத்த வலைத்தளம் இல்லை. கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலை; அங்கே ஒப்பந்த வேலைக்கு வருகிறவர்கள் பாதுகாப்பு வீடியோவை முழுசாகப் பார்த்தால்தான் கேட் பாஸ் கிடைக்கும். அந்த வீடியோக்களை வெட்டி ஒட்டித் தளத்தில் ஏற்றுவதும், எவன் கடைசிவரை பார்த்தான், எவன் ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனான் என்று கண்காணிப்பதும் சுகிர்தாவின் வேலை. இரண்டுக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்தான். தட்டுத்தடுமாறி அவளே கற்றுக்கொண்டு நிறுவியது. பாதுகாப்பு மேலாளர் ஆதிகேசவன் அதை 'ஓசி சாஃப்ட்வேர்' என்று கேலி செய்வார். ஓசியானாலும் ஆறு வருஷமாக ஒரு நாள் படுத்ததில்லை.

இன்று லீவு. எவன் வந்து பாதுகாப்பு வீடியோ பார்க்கிறான்?

பூஜை மூன்று மணிக்கே முடிந்து, எல்லாரும் பொரி கடலைப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டார்கள். தம்பி பென்னி உலைக் கூடத்தைப் பூட்டிவிட்டு வரவேண்டும். இரண்டு பேருமாக ஆறு மணி வண்டி பிடித்துக் கவரைப்பேட்டைக்குப் போகவேண்டும். அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். பூஜை போட்ட கம்ப்யூட்டரை நாளைவரை தொடக்கூடாது என்று ஆதிகேசவன் சொல்லிவிட்டுத்தான் போனார். மானிட்டரின் நெற்றியில் சந்தனப் பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. தனியாக உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் பொரி கொறிப்பது என்று அவள் மவுஸை அசைத்தாள்.

உலை ஓடாத அமைதி அவளுக்குப் பழக்கமில்லை. வருஷம் முழுக்கத் தரைக்கு அடியிலிருந்து வரும் அந்த உறுமல் இரண்டு நாளாக இல்லாததால், இதுவரை கேட்காததெல்லாம் கேட்டது. குழாயில் நீர் சொட்டுவது, தகரக் கூரை சூடு ஆறிச் சடசடப்பது, மாடிப்படியில் வாழைக்கன்றின் இலை சுவரை உரசுவது. கேட்டில் உடைத்த பூசணியின் பச்சை வாடையும் கற்பூரப் புகையும் ஜன்னல் வழியாக வந்து அறைக்குள் தங்கியிருந்தன.

அவள் எண்ணைச் சொடுக்கினாள். வந்தவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று காட்டியது.

பக்கத்தின் பெயரை இரண்டு தடவை படித்தாள்.

லோகுவின் வீடியோ மட்டும் இருந்த பக்கம். தளத்தில் எங்கிருந்தும் அதற்கு வழி கிடையாது. மூன்று வாரத்துக்கு முன் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரே ஒருமுறை அந்த இணைப்பை அனுப்பினார்கள். இன்ஸ்பெக்டர் ஒருமுறை பார்த்தார். அதோடு முடிந்தது.

லோகு உலைக் கூடத்தில் உதவியாள். கூடத்து வாசலைத் தாண்டினால் உருகிய கசடு கொட்டும் குழி. அன்று குழியின் மூடியைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பியிருந்தார்கள். குறுக்கே ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. ஒன்பதாம் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. மாலை ஐந்து நாற்பத்திரண்டு, ஏழாவது நொடியில் லோகு முதுகைக் காட்டியபடி உள்ளே நடக்கிறான். பதினெட்டாவது நொடியில் வாசல் காலியாக இருக்கிறது. குழியிலிருந்து எடுப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

"அந்தப் பதினோரு செகண்ட மட்டும் எடுத்துடும்மா" என்றார் ஆதிகேசவன். "ஷெட்டாண்ட போறான், அப்புறம் ஆளைக் காணோம். பின்னாடி கேட் வழியா ஓடிட்டான்னு சொல்லிக்கலாம். லோகு இடம் காலியாதான கீது? உன் தம்பிய அதுல பெர்மனெண்ட் பண்ணிடறேன்."

நாலு வருஷமாக பென்னி தினக்கூலி. அவள் வெட்டிவிட்டாள்.

அதுவும் அவசரத்தில். வேக முறையில் வெட்டினால் மென்பொருள் உண்மையில் எதையும் வெட்டுவதில்லை. 'இதைக் காட்டாதே' என்று ஒரு குறிப்பை எழுதிவிட்டு, படங்களைக் கோப்புக்கு உள்ளேயே ஒளித்து வைத்துக்கொள்ளும். மறுநாள்தான் அவளுக்கு அது உறைத்தது. தொட்டால் விபரீதம் என்று அப்படியே விட்டுவிட்டாள். திரை மூலையில் கடிகாரம் ஏழிலிருந்து பதினெட்டுக்குத் தாவியதையும் எவரும் கவனிக்கவில்லை. நொடியை எவன் எண்ணிப் பார்க்கிறான்?

இப்போது ஒருவர் பார்க்கிறார்.

பழைய வருகைகளைத் திறந்தாள். இருபது நாள், இருபது வருகை. எல்லாம் மாலை ஐந்து நாற்பத்திரண்டுக்கு. பார்த்த நேரம்: பதினோரு நொடி. இன்று மட்டும் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தது.

மேரியாக இருக்குமோ என்று முதலில் நினைத்தாள். லோகுவின் மனைவி. எப்படியோ இணைப்பைப் பிடித்துவிட்டாளோ? அப்படி இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. வந்தவரின் இணைய முகவரியைப் பார்த்தாள். வெளி முகவரி இல்லை. ஆலைக்கு உள்ளே, அவளே ஒவ்வொரு எந்திரத்துக்கும் எழுதிக் கொடுத்த முகவரிகளில் ஒன்று.

ஒன்பதாம் கேமரா.

கேமரா காட்டும். பார்க்காது. அதுவும் அந்தக் கேமராவை அன்றைக்கே கழற்றச் சொல்லிவிட்டார் ஆதிகேசவன். கழற்றிக் கொண்டுவந்து வைத்தது அவளுடைய மேஜை இழுப்பறையில்.

இழுப்பறையை மெதுவாக இழுத்தாள். பழைய ரசீதுகளின் மேல் அது மல்லாந்து கிடந்தது. ஒயர் இல்லை. கண்ணாடியில் தூசி. தொட்டாள். சுட்டது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "யேசப்பா" என்று வாய்விட்டுச் சொன்னாள். தன் குரலே அந்த அறையில் வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

என்னதான் இருக்கிறது பார்த்துவிடலாம் என்று கோப்பைத் திறந்து, மறைக்கும் குறிப்பை நீக்கி ஓடவிட்டாள். அந்தப் பதினோரு நொடியை அன்று இருபது தடவை பார்த்திருக்கிறாள். மஞ்சள் ஹெல்மெட், சாய்ந்த நடை, முதுகு. ஒரு தடவைகூட அவன் திரும்பவில்லை.

இப்போது திரும்பினான்.

வாசலில் நின்று கேமராவை நேராகப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. வேலைக்குப் புதிதாக வந்தவனை அழைப்பதுபோல், வா என்று கையை ஆட்டினான். பதினோரு நொடியும் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

போன் அடித்தது. துள்ளி விழுந்தாள்.

"தங்கச்சி, மேரி பேசறேன். லோகு ஊட்ல."

"சொல்லுக்கா."

"லீவு நாளுல பேஜாரு பண்றேன்னு நெனைக்காத. அவரு பின்னாடி கேட்டாண்ட போறது வீடியோல தெரியுதுன்னு ஸ்டேஷன்ல சொல்லினுகீறாங்க. எங்களுக்குள்ள சண்டை இல்ல தங்கச்சி. காலைல நாஷ்டா துன்னுட்டுதான் போனாரு. ஒரு தபா காட்டேன். அவரு திரும்பி வரணும்னு ஜெபம் பண்றதா, இல்ல ஆத்துமாவுக்கு ஜெபம் பண்றதான்னு தெரியாம இருக்கறேன். அது தெரிஞ்சா போதும்."

திரையில் லோகு கையை ஆட்டியபடி உறைந்து நின்றான். அந்தக் கோப்பு திறந்தே இருந்தது. ஒரு பொத்தான். அனுப்பிவிட்டால் மேரிக்குத் தெரிந்துவிடும். நாளைக்கே போலீஸ் வரும், ஆதிகேசவன் மாட்டுவார், அவளும் மாட்டுவாள். பென்னியின் வேலை? பெர்மனெண்ட் கடிதத்தை அவன் பைபிளுக்குள் வைத்திருக்கிறான். வாரா வாரம் கோயிலுக்குப் போகையில் எடுத்துப் பார்த்துக்கொள்கிறான். சுகிர்தாவின் விரல் பொத்தான் மேல் இருந்தது. பாவி, அழுத்து என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"சர்வர் சரியில்லக்கா" என்றாள். "லீவு முடியட்டும், பாக்கலாம்."

"போன வாரமும் அதான் சொன்ன" என்றாள் மேரி. "சரி, வெச்சிடறேன்."

போனைக் கீழே வைத்தபோது திரையில் வரி மாறியது. வந்தவர் லோகுவின் பக்கத்தைவிட்டு வெளியேறியிருந்தார். அடுத்த பக்கம் திறந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு தொழிலாளிக்கும் தளத்தில் ஒரு பக்கம் உண்டு; புகைப்படம், ஷிஃப்ட், வேலை இடம். திறந்தது பென்னியின் பக்கம்.

பார்க்கும் நேரம் ஏறியது. ஒரு நிமிஷம். இரண்டு. பென்னியின் சிரித்த புகைப்படத்தை அது வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

மணி ஐந்து முப்பத்தொன்பது.

பென்னிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? உலைக் கூடத்துக்குப் போகிறவர்களின் போனைக் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். அந்த விதியைச் சொல்லும் வீடியோவையே அவள்தான் செய்தாள். மறுபடி அடித்தாள். மறுபடி. பிறகு இண்டர்காமில் கேட்டைக் கூப்பிட்டாள். காவலாளி துளசிராமன் எடுத்தார்.

"அண்ணே, பென்னி எங்க?"

"இப்பதாம்மா ஷெட்டாண்ட போய்க்கினுகீறான். பூசை வெளக்கு எரிஞ்சினு கீது, அமுத்திட்டுப் பூட்டிக்கினு வரேன்னான். அவன் போனு இங்க அடிச்சினே கீதே, நீதானா அது?"

"ஓடிப் போய் நிறுத்துண்ணே! உள்ள போவாதன்னு சொல்லு!"

"இன்னாம்மா நீ, பர்னஸ் அணைச்சி ரெண்டு நாளாவுது. உள்ள இன்னா கீது?"

"போண்ணே! உன் கால்ல விழறேன், போ!"

ரிசீவரை அவர் மேஜைமேல் போட்ட சத்தம். செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. கேட்டுக்கும் கூடத்துக்கும் அரை கிலோமீட்டர். அவருக்கு முட்டி வலி வேறு.

திரையில் தானாக ஒரு ஜன்னல் திறந்தது. நேரலை. மூலையில் 'கேமரா 9'.

உலைக் கூடத்து வாசல். மாவிலை. பூஜை விளக்கு. அதற்குப் பின்னால், இரண்டு நாளாக ஆறிக் கிடக்கவேண்டிய குழி சிவப்பாக இருந்தது.

இழுப்பறை சூட்டில் ரசீதுகள் கருகும் வாடை வந்தது. அவள் திரும்பவில்லை.

5:41:50.

மவுஸைப் பிடித்தாள். லோகுவின் கோப்பை எடுத்தாள். மேரியின் எண்ணைத் தேடினாள். விரல் வழுக்கியது. அனுப்பு. அனுப்பு. சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

'சர்வர் சரியில்லை' என்று வந்தது.

5:42:01.

பென்னி வந்தான். மஞ்சள் ஹெல்மெட். வாயில் ஏதோ பாட்டு, உதடு அசைந்தது. வாசலில் நின்றான். விளக்கு எரிகிற இடம் என்று மரியாதைக்குக் குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

5:42:05.

நிமிர்ந்தான். உள்ளே யாரையோ பார்த்தான். யார் என்று தெரியாமல் கண்ணைச் சுருக்கினான். பிறகு, கூப்பிட்ட மனிதருக்குத் தலையாட்டுவதுபோல் ஆட்டினான்.

"பென்னி!"

கத்தினாள். மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள். சந்தனம் விரலில் ஒட்டியது.

5:42:06.

முதுகைக் காட்டினான்.

5:42:07.

5:42:18.

வாசல் காலி. மாவிலை ஆடவில்லை. விளக்கு அணைந்திருந்தது. நேரலையில், அவள் கண்ணெதிரே, பதினோரு நொடி இல்லை. எந்தத் தழும்பும் இல்லாமல் சுத்தமாக, அவள் வெட்டியதுபோலவே வெட்டியிருந்தது.

அடுத்த ஜன்னலில் எண் மாறியது. இப்போது தளத்தில் இருப்பவர்கள்: 2.

கூடத்து வாசலில், அவள் போன மாதம் வாங்கிக் கொடுத்த ஷூ இரண்டும் ஜோடியாக இருந்தன.