உள்பக்கம் திருப்பிய சட்டை

பாபநாசத்துக்குப் பக்கத்தில் அந்த வாடகை வீட்டுக்குக் குடிபோனபோது எனக்குப் பிடித்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: கொல்லையில் துணி காயப்போட நீளமாக ஒரு கொடி. கைக்குழந்தைக்காரிக்கு வேறென்ன வேண்டும்?

ஐப்பசி அடைமழை. வெயில் தலைகாட்டிய ஒரு காலையில் குழந்தை பூவிழியின் சட்டைகளைத் தோளில் கிளிப் மாட்டிக் காயப்போட்டேன். எடுக்கப் போனால், எல்லாம் உள்பக்கம் வெளியே தெரியத் திரும்பி, தலைகீழாகத் தொங்கின. கிளிப்புகள் கீழ் ஓரத்தில் இருந்தன.

பக்கத்து வீட்டு அம்சம் அக்காவின் உபகாரம் என்று நினைத்து நன்றி சொன்னேன்.

"நான் உங்க கொல்லைப் பக்கமே வர்றதில்லைங்களே," என்றார். பிறகு குரல் இறங்கியது. "உங்களுக்கு முன்னாடி இருந்த பொண்ணுதான் அப்படிப் போடும். நல்லா உதறிட்டு, உள்பக்கம் திருப்பிப் போட்டா சாயம் வெளுக்காதுக்கா, அடியில கிளிப் போட்டா தோள்ல தடம் விழாதுக்கான்னு எனக்கே சொல்லிக்குடுத்துச்சு. தொப்புள்கொடி சுத்திப் பிள்ளை செத்தே பொறந்துச்சு. அப்பறமும் பிள்ளைக்குன்னு வாங்கி வச்ச சட்டைங்கள தெனம் தொவைச்சுக் காயப்போட்டுச்சு. கடைசியில வாய்க்கால்ல..."

அக்கா உள்ளே போய்விட்டார்.

"வேற வீடு பாப்போங்க," என்றேன் கணவர் அரவிந்தனிடம்.

"சும்மா துணி காயப்போட்டுக் குடுக்குற பேய் யாருக்குக் கெடைக்கும்?" என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடியை நானே அறுத்துக் குப்பையில் போட்டேன். கிளிப்புகளைப் பரணில் ஏற்றினேன். இனி துணியெல்லாம் வீட்டுக்குள், ஃபேனுக்கு அடியில்தான்.

மறுநாள் மத்தியானம் குழந்தையைக் குளிப்பாட்டி, மஞ்சள் சட்டை போட்டு, தொட்டிலில் தூங்க வைத்தேன். அடுப்பில் பால் பொங்குகிறதே என்று ஓடி, அணைத்துவிட்டு நின்றேன்.

சேற்றுத் தண்ணீர் வாடை.

கொல்லையில் யாரோ ஈரத்துணி உதறும் சத்தம். பட். பட்.

எட்டிப் பார்த்தேன். அறுத்துப் போட்ட கொடி மறுபடி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அதில் ஒரு துணியும் இல்லை.

தொட்டிலுக்கு ஓடினேன்.

பூவிழி விழித்திருந்தாள். அழவில்லை. கொல்லைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உடம்பெல்லாம் சில்லென்று ஈரம்.

மஞ்சள் சட்டை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போடப்பட்டிருந்தது.

கீழ் ஓரத்தில் இரண்டு கிளிப்.