மலை விழாவுக்கு வராத செம்பாறை

சனிக்கிழமை, பகல் 12.35.

கொட்டகைக் கதவைத் திறந்த ஜூலியா போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. உள்ளே ட்ரம்ஸ் செட்டின் தோல்கள் ஒன்று விடாமல் கிழிந்து தொங்கின. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு மாலை, வெள்ளிமலை இசை விழாவில் 'செம்பாறை' வாசித்தாக வேண்டும்.

சங்கராபுரத்துக்காரர்கள் மூன்று பேர் நடத்தும் ராக் குழு அது. பாண்டிச்சேரி வரை பேர். திருவிழா, கல்யாணம், காலேஜ் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய்க் கலக்குவார்கள். ஆனால் பெரிய விழா என்றால் மட்டும் ஏதோ ஒன்று காலை வாரிவிடும். போன வருஷம் அழைப்புக் கடிதம் காணோம். அதற்கு முந்தின வருஷம், கிளம்பும் நேரத்தில் வண்டிச் சாவி காணோம். தலைக்கனம் என்றது ஊர். மூன்றாவது தடவையும் வராவிட்டால் இனி அழைப்பே கிடையாது என்று விழாக் குழு கறாராகச் சொல்லிவிட்டது.

1.10. எஸ்.ஐ. கிரேஸ் வந்தாள். அம்மா "சாப்பிட்டாச்சு" என்றால்கூடக் குண்டானைத் திறந்து பார்க்கிற ரகம்.

விலையுயர்ந்த கிடாரில் ஒரு கீறல் இல்லை. ட்ரம்ஸிலும் தோல் மட்டும்தான் கிழிந்திருந்தது; மர உடம்பில் கத்தி படவே இல்லை. கெடுக்க வந்தவனுக்கு இவ்வளவு கரிசனமா? சுவரில் விழா மேடையின் படம். சிமெண்ட் மேடை, பாடுகிறவருக்கு இருபது அடி பின்னால் ட்ரம்ஸுக்குத் தனித் திட்டு.

"இந்தப் பெரிய ஸ்பீக்கர் ஏன் ட்ரம்ஸ் ஸ்டூலை ஒட்டி இருக்குது?"

"எங்க ட்ரம்மர் வெற்றிவேலோட அடம் மேடம். செருப்புகூடப் போடாமதான் வாசிப்பான்." பாடகி ஜூலியா குரலைத் தாழ்த்தினாள். "டென்னிஸை விசாரிங்க. வேற குழுக்காரங்க அவனை வெலைக்கு வாங்கிட்டாங்க."

கிடார் டென்னிஸ் வேறு பாட்டுப் பாடினான். "அவளுக்கு சினிமா சான்ஸ் வந்துக்கினு இருக்குது மேடம். குழு ஒடஞ்சா யாருக்கு லாபம்?"

ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்ததுகள். கிரேஸுக்கே மனசு கசந்தது.

"பூட்டுனது எப்ப?"

"பதினொன்னே முக்காலுக்கு. சாவி மூணு பேர்கிட்டயும் இருக்குது. நான் வண்டிக்கு டீசல் போடப் போனேன்," என்றான் டென்னிஸ்.

"பார்த்தவங்க?"

"பங்க்குல அத்தினி கூட்டத்துல யாரு ஞாபகம் வெச்சிருப்பாங்க?"

ஜூலியா போன டெய்லர் கடை பூட்டியிருந்ததாம். அதற்கும் சாட்சி இல்லை. ட்ரம்ஸ் வாசிக்கும் வெற்றிவேல் கடைசியாக வந்தான். கண்ணைக் கொட்டாமல் கிரேஸின் வாயையே பார்த்தபடி பதில் சொன்னான்.

"பக்கத்து மாதா கோயில் வேப்பமரத்தடியில இருந்தேங்க. பன்னெண்டு மணி அடிச்சுது, சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சேன். சாப்டுட்டுத் தெரு வழியா வந்தேன்."

கிரேஸின் பேனா நின்றது.

1.50. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சூசை பீடத்துக்குப் பூ ஜோடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னிக்குப் பன்னெண்டு மணி அடிச்சீங்களா?"

"இன்னாம்மா, நீயே இப்பிடிக் கேக்கற? முந்தாநாள் பெரிய வியாழன் பூசையோட நிறுத்துன மணியை இன்னிக்கு ராத்திரிப் பூசையிலதான் அடிப்போம். அதுவரைக்கும் மரக்கட்டையத் தட்டுறதுதான்."

சரிதான், புளுகிவிட்டான். "அப்ப வெற்றிவேல் இங்க வரவே இல்லியா?"

"வந்தானே! அவன் முதுகுக்குப் பின்னால நின்னுதான் பன்னெண்டுக்குக் கட்டையத் தட்டுனேன். மனுசன் திரும்பிக்கூடப் பாக்கல. சாப்டுட்டு செவுரேறிக் கொட்டகைப் பக்கம் குதிச்சான்."

கிரேஸ் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

2.15. கொட்டகை. வெற்றிவேல் குனிந்து கிழிந்த தோல்களைக் கழற்றிக்கொண்டிருந்தான். கிரேஸ் அவனுக்குப் பின்னால் போய் நின்று உரக்கச் சொன்னாள்:

"தோலைக் கிழிச்சது வெற்றிவேல்."

டென்னிஸும் ஜூலியாவும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்கள். வெற்றிவேல் நிமிரவே இல்லை. நிதானமாக அடுத்த திருகைக் கழற்றினான்.

"வெற்றி..." என்றாள் ஜூலியா. அவன் காதில் அதுவும் விழவில்லை.

"பெரிய வியாழனுக்கப்புறம் ஈஸ்டர் பூசை வரைக்கும் கோயில் மணி அடிக்காது," என்றாள் கிரேஸ். "அடிச்சுதுன்னு இவர் சொன்னதும், அங்க போகவே இல்லன்னு நெனச்சேன். போயிருக்காரு. மணி அடிக்காததுதான் தெரியல. போன்ல பன்னெண்டு காட்டியிருக்கும், தெனமும் அடிக்கிற மணிதானேன்னு சொல்லிட்டாரு. சின்ன மேடையில ஸ்பீக்கரைப் பக்கத்துல வெச்சிக்கலாம். பலகை அதிர்றது காலுக்குத் தெரியும். அந்தச் சிமெண்ட் மேடையில ஒன்னும் தெரியாது."

வெற்றிவேல் திரும்பினான். மூன்று முகங்களையும் பார்த்தான்.

"மூணு வருசமாச்சு," என்றான். "கொஞ்சங் கொஞ்சமா போயிடுச்சு. சாவியை ஒளிச்சேன், கடிதாசியக் கிழிச்சேன். காது கேக்காதவனை எவன் குழுவுல வெச்சிக்குவான்? இது போச்சுன்னா நான் இன்னாத்துக்கு ஆவறது?" சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதான்.

ஜூலியா ஓடிப்போய் அவன் முதுகில் படபடவென்று அடித்தாள். அடித்த கையாலேயே கட்டிக்கொண்டாள்.

"புகார் எழுதட்டுமா?" என்றாள் கிரேஸ்.

"இதுல போலீஸுக்கு இன்னா வேலைங்க?" டென்னிஸ் நடந்து போய், வெற்றிவேலின் மோவாயை நிமிர்த்தி, தன் வாயைப் பார்க்க வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்:

"நீ செவுடானதுக்குக் கோவம் இல்ல. ரெண்டு வருசமா நானும் இவளும் ஒருத்தரையொருத்தர் திருட்டுக் கழுதன்னு நெனச்சிக்கினு இருந்தோம் பாரு, அதை நான் மன்னிக்கவே மாட்டேன். சேலத்துல தோல் விக்கிற கடைக்காரன் எட்டு மணிக்கு மூடிடுவான். நாளைக்கு அந்த மேடையிலயும் உன் காலடியில பலகையும் ஸ்பீக்கரும் போட்டுக்கலாம். ஏறுடா வண்டில."