மரத்துறையில் நின்றவள்

டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை. நாலு மணிக்கே டென்மார்க்கின் புரொண்பி நகரம் இருட்டிவிட்டது. சாரங்கா சப்பாத்தைக் கதவோரம் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது அவளுடைய சிவப்புக் கம்பளிச் சட்டையில் மழை மணத்தது.

“ஆல்பங்களை எடுத்து வைச்சனீங்களோ அம்மா? உங்கட எழுபதாவது பிறந்தநாளுக்குப் பெரிய ஸ்கிரீன்ல போடப் போறன்.”

செல்வமலர் மேசையைக் காட்டினாள். கிரேக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். கோடைக்குக் கோடை அதே ஹோட்டல், மூன்றாம் மாடியில் அதே அறை. போய் இறங்கிய முதல் நாள் பல்கனியில் நின்று ஒரு படம் எடுப்பாள். அப்படி இருபத்திநாலு படங்கள் சேர்ந்திருந்தன. மகள் அவற்றை ஆண்டு வரிசையாகப் பரப்பத் தொடங்கினாள்.

“ஸ்பெயினுக்கு வாங்கோ எண்டால் வரமாட்டியள். அங்க ஆரும் கிழவனை வைச்சிருக்கிறியளோ?”

“விசர்க்கதை கதையாதை.”

முதல் படத்தில் மூன்று மீன்பிடி வள்ளங்கள், நீலக் கதிரை போட்ட ஒரேயொரு சாப்பாட்டுக்கடை, பலகைகளால் கடலுக்குள் நீண்ட ஒரு மரத்துறை. பிறகு வைக்கோல் குடைகள் வந்தன. வள்ளங்கள் இரண்டாகி, ஒன்றாகி, இல்லாமல் போயின. நடுவில் சில ஆண்டுகள், பாதி எழும்பிய கட்டடமொன்று கம்பிகளை நீட்டிக்கொண்டு துருப்பிடித்து நின்றது. அதையும் வெள்ளையடித்து நீச்சல்குளம் வெட்டினார்கள். கடைசியில் மரத்துறையையும் பிடுங்கி, கரையில் மெத்தைக் கட்டில்களை அடுக்கிவிட்டார்கள்.

“இந்த மஞ்சள் சட்டைப் பிள்ளை ஆர் அம்மா?”

“எதில?”

“விரிச்ச எல்லாத்திலயும்.”

செல்வமலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

மரத்துறையின் நுனியில் ஒரு சிறுமி. நெற்றியில் நேராக வெட்டிய மயிர். பல்கனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வமலர் இந்தப் படங்களை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். ஒன்றிலும் ஒருவரும் நின்றதில்லை.

“என்னட்டையும் இப்படி ஒரு சட்டை இருந்தது, என்ன?” என்றாள் சாரங்கா. “அது எங்க போச்சு?”

அந்தச் சட்டைதான் அது.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. காசுக்கு ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு ஏற்றும் ஏஜென்சிக்காரன், ஊரிலிருந்த அக்காவின் மகள் நிறோஷினியைக் கிரீஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டிருந்தான். எட்டு வயது. சாரங்காவுக்கும் எட்டு. சாரங்காவைப் பக்கத்துவீட்டில் விட்டுவிட்டு, அவளுடைய பாஸ்போர்ட்டோடும் அந்த மஞ்சள் சட்டையோடும் செல்வமலர், நிறோஷினியைத் தன் மகளென்று கூட்டிவரத் தனியாகப் போனாள். பாஸ்போர்ட்டில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து மயிரை வெட்டினாள். நாலு நாள் சொல்லிக்கொடுத்தாள்: “இனி உன்ர பேர் சாரங்கா. சாரங்கா எண்டு கூப்பிட்டால் மட்டும் வா. அதுவரைக்கும் அசையக்கூடாது.” பிள்ளை ஒவ்வொரு தரமும் தலையாட்டியது.

விமானநிலையத்துக்குப் போகும் பஸ் வருகிற காலையில் செல்வமலர் பாஸ்போர்ட்டிலிருந்த சாரங்காவின் முகத்தைப் பார்த்தாள். பிடிபட்டால் தன் பிள்ளைக்கு என்ன ஆகும்? நிறோஷினியை மரத்துறையில் நிற்கச் சொன்னாள். ஹோட்டலின் பின்வாசலால் போய் பஸ்ஸில் ஏறினாள். பிள்ளையை ஏஜென்சிக்காரன் கொண்டுவரவேயில்லை என்று அக்காவிடம் சொன்னாள். அக்கா அதை நம்பியபடியே செத்துப்போனாள்.

அடுத்த கோடையில் திரும்பிப் போனாள். தேடத்தான் போவதாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மை அதைவிடக் கேவலமானது. அங்கே ஒருவரும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பத்தான் ஒவ்வொரு வருடமும் போனாள்.

இப்போது இன்னொன்றும் தெரிந்தது. தொண்ணூற்றொன்பதில் வந்திறங்கி முதல் படத்தை எடுத்த அன்று, நிறோஷினி இன்னும் அந்தக் கிராமத்துக்கே வந்து சேரவில்லை.

“அம்மா, இதைப் பாருங்கோ,” சாரங்காவின் குரல் தணிந்தது. “இதில துறையைக் கழட்டிப்போட்டாங்கள். ஆனா இவள் அதே இடத்தில நிக்கிறாள்.”

காலுக்குக் கீழே பலகை இல்லை. தண்ணீர் மட்டும்.

கடைசிப் படத்தைச் சாரங்கா கையில் எடுத்தாள். அது இந்தக் கோடையில், முதல் நாள் தவறிப்போய், வெளிக்கிடும் காலையில் எடுத்தது.

“இதில ஆள் இல்லை.”

செல்வமலர் மேசை விளிம்பைப் பிடித்தாள். இந்தக் கோடையில்தான் முதன்முதலாக மகளும் கூட வந்தாள். இத்தனை வருடமும் மகளின் பேரை அந்த ஊரில் வாய்விட்டுச் சொல்லாமல் காத்தவள், வெளிக்கிடும் காலையில் மறந்துபோனாள். படம் எடுக்க முன், கீழே குளத்தில் நின்ற மகளைப் பல்கனியிலிருந்து கூப்பிட்டாள்.

சாரங்கா, வா, பஸ் வந்திட்டுது.

“முகம் வெளிறிப்போச்சு,” என்றாள் மகள். “இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன். பிறகு கதைப்பம்.”

அவள் குசினிக்குள் போனாள். கேத்தில் இரைந்தது. கோப்பையில் கரண்டி தட்டுப்பட்டது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஹீட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் செல்வமலரின் கால் விரல்கள் விறைத்தன. அறைக்குள் ஊறிய மரத்தின் மணம், உப்பு மணம்.

அவள் மேசையைப் பார்த்தாள். எல்லாப் படங்களிலும் அந்த இடத்தில் ஒருவரும் இல்லை.

முதல் படத்தைத் தவிர.

கொளுத்தும் கிரேக்க வெயிலில், மரத்துறையின் நுனியில், சிவப்புக் கம்பளிச் சட்டையோடு வளர்ந்த பெண்ணொருத்தி நின்றாள். கையில் தேத்தண்ணிக் கோப்பை. வாய் திறந்திருந்தது. பல்கனியைப் பார்த்து எதையோ கத்திக்கொண்டிருந்தாள்.

“சாரங்கா!”

கத்திய பிறகுதான் செல்வமலர் தன் வாயைப் பொத்தினாள்.

குசினியிலிருந்து, ஈரக் கால்கள் தரையில் ஒட்டி ஒட்டி எழும் சத்தம். சின்னக் கால்கள்.

“ஓம் சின்னம்மா,” என்றது ஒரு பிள்ளைக் குரல். “வாறன்.”