சுவரின் முதுகு

ராசப்பன் தோட்டத்தின் புதுத் தடுப்புச் சுவர் விடிவதற்குள் பாதி சரிந்திருந்தது. கீழே ஆட்டுக் கொட்டகையில் படுத்திருந்த அவன் மச்சான் சின்னக்கண்ணு, கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

எஸ்.ஐ. மைதிலி வரும்போது மழை விட்டிருந்தது. மேட்டுப் பாதையில் பைக் ஒரு முறைகூட வழுக்கவில்லை. சக்கரத்தின் அடியில் ஜல்லி நறநறத்தது.

"எங்கப்பன் கட்டுன பழைய சுவரு சாஞ்சுதே ஒழிய உழலீங்க," என்றான் ராசப்பன். "இவ கட்டுனது ஒரு ஐப்பசி மழை தாங்கல. பின்னாடி ஜல்லி போடறேன்னு சொல்லிட்டு வெறும் மண்ணத் தள்ளி மூடிட்டா."

கொத்தனார் கலைமணி இடுப்பில் கை வைத்து நின்றாள். அடுத்து அங்கன்வாடிச் சுவர் அவள் கட்ட வேண்டியது. வழக்கு என்று வந்தால் அந்த வேலை போகும். சிறைக்கும் போக நேரலாம்.

"போட்டனுங்க மேடம். ஒரு வரி கல்லு வெச்சதும் பின்னால ஜல்லி. ரெண்டையும் சேத்தேதான் ஏத்துவேன். மழைத்தண்ணி ஜல்லியில எறங்கிக் குழாய் வழியா வெளிய போயிரும். அங்க மண்ணு இருந்தா, தண்ணியக் குடிச்சு ஊதிச் சுவத்தத் தள்ளும்."

"அப்ப ஜல்லி எங்க?"

"அதத்தானுங்க நானும் தேடறேன்."

"முயலு தின்னுருச்சாட்டம்," என்றான் ராசப்பன்.

சரியாமல் நின்ற பாதிச் சுவரை மைதிலி பார்த்தாள். சுவரை ஒட்டிச் செம்மண். அடியில் வரிசையாக நீட்டியிருந்த குழாய்களின் வாய் காய்ந்திருந்தது.

ராசப்பனின் மனைவி பாவாயி அவித்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்தாள். கிழங்கு நேராக, முழங்கை நீளம் இருந்தது.

"சுவத்தோரம் வெளஞ்சதுங்க. தையில நட்டது. மண்ணு அப்படி. இவரே சொமந்து கொட்டுனாரு."

"ஏம்புள்ள, உள்ள போ," என்றான் ராசப்பன்.

மைதிலி கிழங்கை வைத்துவிட்டு இறங்கினாள். விழுந்து கிடந்த ஒரு பாளத்தைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டினாள். முன்பக்கம் பூச்சு வழவழப்பாக இருந்தது. மண்ணைப் பார்த்திருந்த முதுகில் சிமெண்ட்டெங்கும் குழிகள். சில குழிகளில் ஜல்லி இன்னும் கவ்விக்கொண்டிருந்தது.

அவள் காலைத் தூக்கி, பூட்ஸின் அடியில் செருகியிருந்த கல்லைப் பிடுங்கினாள். மேட்டுப் பாதையில் நடந்தபோது ஏறியது. அதன் ஒரு பக்கம் சிமெண்ட் ஒட்டியிருந்தது.

"பாதையில கெடக்கற ஜல்லியில சிமெண்ட் எப்படி ஒட்டும், ராசப்பன்?"

அவன் பாதையைத் திரும்பிப் பார்த்தான்.

"சிமெண்ட் ஈரமா இருந்தப்பவே ஜல்லி சுவரை ஒட்டி இருந்திருக்கு. கலைமணி பொய் சொல்லல. இந்தம்மா சுவரை முடிச்சுட்டுப் போனதும், நீங்க அதைத் தோண்டிப் பாதையில போட்டீங்க. அந்த இடத்துல மண்ணைக் கொட்டிக் கிழங்கு நட்டீங்க. தண்ணி குழாய்க்கு வரவே இல்ல."

ராசப்பன் சரிந்த கல்லின் மேல் உட்கார்ந்தான்.

"இந்த மலையில கையளவு மண்ணு சேக்கவே பரம்பரை போவுதுங்க. சுவரு நீளத்துக்கும் பூமியக் கல்லுக்கு உடச் சொன்னா மனசு கேக்குமா? சுவரு உழும்னு நெனக்கலீங்க. மச்சான் காலு போனதும் பயந்துட்டேன்."

"பயந்து என்னைய ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தீங்களாக்கும்," என்றாள் கலைமணி. பிறகு மைதிலியிடம் திரும்பினாள். "சுவத்தக் கட்டுன நானே அதோட முதுகப் பாக்கலீங்க மேடம். நீங்க எங்கிருந்து வந்து பாத்தீங்க!"

மைதிலி பாளத்தையே பார்த்தாள். இத்தனை தூரம் உருண்டும் கல் ஒன்றுகூடப் பிரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, ராசப்பன். உங்க மச்சான்கிட்ட நீங்களே சொல்லுங்க. அப்புறம் ஸ்டேஷன்."

அதற்குள் கலைமணி, சரியாமல் நின்ற பாதிச் சுவரின் மேல் ஏறி முதல் கல்லை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"அதை ஏன் இடிக்கறீங்க? நல்லாத்தானே நிக்குது?" என்று கேட்டாள் மைதிலி.

"இதுக்குப் பின்னாலயும் மண்ணுதானுங்க. அடுத்த மழைக்கு முன்னால எறக்கிரணும். அவரு பொய் சொன்னாருன்னு கீழ இருக்கற ஆடு என்ன பண்ணுச்சு?"